ஒரு வாய்தா, ஒரு நாள் கூலி

விழுப்புரம் மாவட்டக் கடலோரத்து மரக்காணத்தில் உப்பு வாரும் காலம் தை மாதவாக்கில் தொடங்கிப் புரட்டாசி வரை ஓடும். வெயில் எவ்வளவு கடுமையோ அவ்வளவுக்கு உப்பு. அந்த மாதங்களில்தான் ஆணுக்கும் பெண்ணுக்கும் தினக்கூலி நிச்சயம். ஐப்பசியில் மழை இறங்கிவிட்டால் பாத்திகள் தண்ணீரில் மூழ்கிவிடும், வேலை நின்றுவிடும். உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் தரும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2022-ல் தொடங்கியதற்குக் காரணமே இந்த வேலையில்லா நாட்கள்தான்.

இந்தக் கணக்கில் பிழைக்கும் ஒரு வீட்டில் கணவனும் மனைவியும் பிரிந்துபோவதென்று ஆகிவிட்டால் செலவு எங்கெங்கிருந்தோ வருகிறது. மரக்காணத்திலிருந்து, கோர்ட் இருக்கும் திண்டிவனம் சுமார் 30 கிலோமீட்டர். விழுப்புரம் அதற்கு இரண்டு மடங்கு. காலையில் பஸ் பிடித்துப் போய், கோர்ட் வராந்தாவில் காத்திருந்து, பெயர் கூப்பிட்டதும் ‘எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் சேரவில்லை’ என்றோ ‘பதில் மனுவுக்கு அவகாசம்’ என்றோ ஒரே வரியில் வாய்தா வாங்கிக்கொண்டு திரும்பினால், அன்றைய கூலி போச்சு, பஸ் காசு போச்சு, பிள்ளையைப் பார்த்துக்கொண்ட பாட்டியின் வேலையும் போச்சு.

சட்டத்தின் கண்ணில் மணமுறிவு என்பது ஒரு மனு, ஒரு தீர்ப்பு. வீட்டுக்குள் அது நூறு கேள்வி. ரேஷன் கார்டு யார் பெயரில் இருக்கும்? மகளிர் குழுக் கடனை யார் கட்டுவது? ‘குடும்பத்துக்கு’ என்று வரும் நிவாரணம் இனி எந்தக் குடும்பத்துக்கு? பெண்ணுக்குக் காது குத்தும்போது அப்பா வீட்டார் வரலாமா? இதில் பாதி வக்கீல் பதில் சொல்ல வேண்டியது, பாதி மனநல ஆலோசகர் பேசித் தெளிவுபடுத்த வேண்டியது. இருவரும் ஒருவர் வேலையை இன்னொருவர் அறிந்து செய்தால் வழக்கும் சுருங்கும், பிள்ளைகள் படும் பாடும் குறையும். அதற்குச் சட்டத்தில் இடமிருக்கிறது. வேறு நாடுகளில் அனுபவமும் இருக்கிறது. கடற்கரைச் சாலையோரத்து ஊர்களுக்கு அது முழுதாக வந்து சேரவில்லை.

கோர்ட் வாசல் மிதிக்காத பிரிவுகள்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மணமுறிவு பெற்றவர்கள் சுமார் 13.6 லட்சம் பேர். மணமுறிவு பெறாமலே பிரிந்து வாழ்கிறவர்கள் சுமார் 35 லட்சம். அதாவது, உடைந்த திருமணங்களில் பெரும்பங்கு நீதிமன்றத்தின் பதிவேட்டுக்குள் வரவே இல்லை. இரண்டு கணக்கிலும் ஆண்களைவிடப் பெண்களே அதிகம். ஆணுக்கு மறுமணம் சீக்கிரம் அமைந்துவிடுகிறது; அவன் கணக்கிலிருந்து நகர்ந்துவிடுகிறான்.

மரக்காணம் பக்கத்து மீனவக் குப்பங்களில் புருஷன் பெண்டாட்டி சண்டை முதலில் போவது ஊர்ப் பஞ்சாயத்துக்கு. உள்ளே தள்ளி இருக்கும் கிராமங்களில் இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசுவார்கள். அதிலும் தீராவிட்டால் மகளிர் காவல் நிலையம். சென்னை ஆயிரம் விளக்கில் 1992-ல் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் தொடங்கப்பட்ட பிறகு, தமிழ்நாட்டின் சாதாரணக் குடும்பங்களுக்கு ‘கவுன்சலிங்’ என்ற சொல்லே ஸ்டேஷன் வழியாகத்தான் அறிமுகமானது. இரண்டு வீட்டாரையும் வரவழைத்து, இன்ஸ்பெக்டர் நடுவில் இருந்து, ‘இனி அடிக்க மாட்டேன்’ என்று எழுதி வாங்கி அனுப்பிவிடுவார்கள். அவசரத்துக்கு அது உதவும். அதற்கு மேல் போக அங்கே நேரமும் கிடையாது, பயிற்சியும் கிடையாது.

எதுவும் ஒத்துவராதபோது எழுதப்படுவதுதான் ‘விடுதலைப் பத்திரம்’. முத்திரைத்தாளில் இருவரும் கையெழுத்துப் போட்டு, ஊர்ப் பெரியவர்கள் சாட்சி வைத்து, நோட்டரி முத்திரையும் குத்தி, ‘அத்துக்கிட்டாச்சு’ என்று ஆளுக்கொரு பக்கம் போய்விடுகிறார்கள். இந்து திருமணச் சட்டம் 1955-ன் 29-வது பிரிவு, சில சமூகங்களில் வழிவழியாக இருந்துவரும் மணமுறிவு வழக்கத்தை ஏற்கிறது. ஆனால் அப்படி ஒரு வழக்கம் தங்கள் சமூகத்தில் உண்டு என்பதைச் சாட்சியத்தோடு நிரூபிக்க வேண்டும். அது முடியாவிட்டால் பத்திரம் வெறும் காகிதம். அதை நம்பிச் செய்துகொண்ட இரண்டாம் திருமணம் செல்லாது. அதில் பிறந்த பிள்ளைகளின் சொத்துரிமையில் சிக்கல் வரும். முதல் மனைவி புகார் கொடுத்தால் குற்ற வழக்காகவும் ஆகும். முஸ்லிம் பெண்கள் தாமாகக் கேட்டுப் பெறும் மணமுறிவான குலா விஷயத்திலும் சென்னை உயர் நீதிமன்றம் 2023-ல் இதே போன்ற ஒரு கோட்டைப் போட்டது. ஷரியத் கவுன்சில் என்ற பெயரில் தனியார் அமைப்பு தரும் சான்றிதழ் செல்லாது, குடும்ப நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும் என்றது.

பிரிந்தவர்களுக்கு உள்ள அரசு உதவிக்கும் காகிதம் கேட்பார்கள். கணவனால் கைவிடப்பட்ட பெண்களுக்கான ஓய்வூதியத்துக்கு 30 வயது நிறைந்திருக்க வேண்டும். சட்டப்படி மணமுறிவு பெற்றிருக்க வேண்டும், அல்லது கைவிடப்பட்டு 5 ஆண்டாவது ஆகியிருக்க வேண்டும். தாலுகா அலுவலகத்தில் விடுதலைப் பத்திரத்தை நீட்டினால் வேலை நடக்காது. இதை முதல் நாளே சொல்லிவிடும் வக்கீல் ஒரு குடும்பத்துக்குப் பல ஆண்டு அலைச்சலை மிச்சம் பிடித்துக் கொடுக்கிறார்.

முதல் நோட்டீஸில் இருக்கிறது பாதி வழக்கு

ஒரு பேச்சுக்கு, உப்பளத்தில் கூலிக்குப் போகும் ஒரு தம்பதியை எடுத்துக்கொள்வோம். கல்யாணமாகிப் பதினொரு ஆண்டு, இரண்டு பிள்ளைகள். எட்டு மாதமாக மனைவி அம்மா வீட்டில். வக்கீல் முன்னால் வந்து உட்கார்ந்ததும் அந்தப் பெண் சட்டப் பிரிவைப் பற்றிக் கேட்க மாட்டாள். “அவரு வேணாம் சார். ஆனா புள்ளைங்க அப்பா எங்கன்னு கேக்குதுங்க” என்பாள். அந்த ஒரே பேச்சில் இரண்டு விஷயம் இருக்கிறது. வழக்குப் போடத் தெரிந்த வக்கீலுக்கு முதல் பாதி போதும். குடும்பத்துக்கு உதவ நினைக்கிறவர் இரண்டாம் பாதியையும் குறித்துக்கொள்வார்.

அடுத்து எழுதப்போகும் நோட்டீஸ்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. மணமுறிவு கேட்பவர் கொடுமை, கைவிடல், பிறன்மனை உறவு போன்ற காரணங்களில் ஒன்றை நிறுவியாக வேண்டும் என்று இந்து திருமணச் சட்டத்தின் 13-வது பிரிவு சொல்கிறது. அதனால் கைக்குக் கிடைத்த குற்றச்சாட்டையெல்லாம் அடுக்கி நோட்டீஸ் அனுப்புவது பழக்கமாகிவிட்டது. எதிர்த்தரப்பு அதைப் படித்துவிட்டு அதைவிடக் காரமாகப் பதில் அனுப்பும். ஊருக்குள் இரண்டு நோட்டீஸின் நகலும் சுற்றும். இனி யாரும் யார் முகத்திலும் விழிக்க முடியாது. பத்து ஆண்டு கழித்துப் பெண்ணின் கல்யாணத்தில் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேண்டியவர்கள் இவர்கள் என்பதை நினைவில் வைத்து எழுதப்படும் நோட்டீஸ் வேறு மாதிரி இருக்கும். நடந்ததைச் சொல்லும், வேண்டியதைக் கேட்கும், பேசத் தயார் என்று ஒரு வரியும் வைக்கும்.

பேசத் தயாராக இருந்தால் 13பி என்ற கதவு இருக்கிறது. 1976-ல் சேர்க்கப்பட்ட இந்தப் பிரிவின்படி, ஓராண்டு பிரிந்து வாழ்ந்தவர்கள் சேர்ந்து மனுப்போடலாம். அதன் பிறகு ஆறு மாதக் காத்திருப்பு உண்டு. மனுப்போடும் முன்பே ஒன்றரை ஆண்டு பிரிந்திருந்து, சமரச முயற்சியும் பலிக்காமல், ஜீவனாம்சமும் பிள்ளைப் பொறுப்பும் பேசி முடிந்திருந்தால் அந்த ஆறு மாதத்தை நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. கூலிக்காரக் குடும்பத்துக்கு இது வெறும் சட்ட நுணுக்கம் இல்லை. அத்தனை வாய்தா குறைகிறது. மாறாக, ‘மனசு ஒத்துப்போகல, அதனால விவாகரத்து கொடுங்க’ என்று ஒருவர் மட்டும் கேட்டால் குடும்ப நீதிமன்றத்தால் தர முடியாது. திருமணம் மீள முடியாதபடி முறிந்துவிட்டது என்ற காரணத்துக்காகவே பிரித்து வைக்கும் அதிகாரத்தை 2023 மே 1 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் தன்னிடமே வைத்துக்கொண்டது.

பணத்தைப் பற்றிய பேச்சிலும் வக்கீலின் கை முக்கியம். 2020 நவம்பர் 4 அன்று உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிப்படி, ஜீவனாம்ச வழக்கில் இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாண வாக்குமூலமாகத் தாக்கல் செய்ய வேண்டும். ஜீவனாம்சம் மனுப்போட்ட தேதியிலிருந்து கணக்காகும். மாதச் சம்பளக்காரருக்குச் சம்பளச் சீட்டு இருக்கும். உப்பளக் கூலிக்கு என்ன இருக்கும்? எத்தனை மாதம் வேலை, எத்தனை மாதம் சும்மா, மழைக்காலத்தில் கட்டட வேலைக்குப் போவாரா, படகில் போவாரா என்று மாதவாரியாகக் கேட்டு எழுத வேண்டும். வாருகிற மாதத்துக் கூலியை வைத்து ஆண்டு முழுதுக்கும் தொகை நிர்ணயித்தால் ஐப்பசியில் பாக்கி விழும். பாக்கிக்கு ஒரு நிறைவேற்று மனு, மறுபடியும் வாய்தா.

கடன் பட்டியலும் அப்படித்தான். குழுக் கடன் பெரும்பாலும் மனைவி பெயரில் இருக்கும். அந்தப் பணத்தில் வாங்கிய பைக் கணவனிடம் ஓடிக்கொண்டிருக்கும். சீராக வந்த நகை வங்கியில் அடகில் இருக்கும், ரசீது யாரிடமோ இருக்கும். கட்டில், பீரோ, கிரைண்டர், பாத்திரம் என்று பிறந்த வீட்டார் கொடுத்ததைத் தனியாக எழுதி வைக்காவிட்டால் கடைசிக் கையெழுத்து போடுகிற அன்று ஒரு அண்டாவுக்காக எல்லாம் கலைந்துபோகும். இதையெல்லாம் கேட்கப் பொறுமை இல்லாத வக்கீலிடம் சட்ட அறிவு எவ்வளவு இருந்தும் இந்தக் குடும்பத்துக்குப் பயனில்லை. கட்டணத்தைப் பற்றி ஒரு விஷயம்: கிடைக்கும் ஜீவனாம்சத்தில் பங்கு என்று பேசுவதைப் பார் கவுன்சில் விதிகள் தடை செய்கின்றன. பெண்களும் குழந்தைகளும் வருமானம் எவ்வளவு என்று பாராமல் இலவச சட்ட உதவி பெற 1987-ன் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் வழி செய்கிறது. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் அதே உரிமை உண்டு.

‘கவுன்சலிங்னா சேத்து வைக்கிறதுதானே?’

மனநல ஆலோசகர் பக்கம் வந்தால் முதலில் நிற்பது இந்தச் சந்தேகம். குடும்ப நீதிமன்றங்கள் சட்டம் 1984, சமரசத்துக்கு முயல்வதை நீதிபதியின் கடமையாகவே வைத்திருக்கிறது. ஆலோசகர்களை நியமிக்கவும் சொல்கிறது. அதனால் நீதிமன்றத்து ஆலோசகர் என்றாலே ‘சேர்ந்து வாழ்’ என்று புத்தி சொல்பவர் என்று மக்கள் நினைக்கிறார்கள். போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில் சிலர் வாயே திறப்பதில்லை.

பயிற்சி பெற்ற ஆலோசகரின் வேலை வேறு. முடிவெடுக்கும் முன் ஒரு கட்டம்: கோபத்தில் எடுக்கும் முடிவா, பல நாள் யோசித்ததா, யார் தூண்டிவிட்டது, உண்மையில் என்ன வேண்டும் என்று பிரித்துப் பார்க்க உதவுவது. வழக்கு நடக்கும்போது இன்னொரு கட்டம்: தூக்கமின்மை, குற்ற உணர்வு, மாமியார் வீட்டு வாசலில் போய்க் கத்த வேண்டும் என்ற வேகம் எல்லாவற்றையும் தாங்கிக் கடக்கத் துணை நிற்பது. எல்லாம் முடிந்த பிறகு மூன்றாவது: ஊர்க்கண்ணுக்கு நடுவே தனியாக வாழப் பழகுவது, பிள்ளைகளோடு உறவைப் புதிதாக அமைத்துக்கொள்வது. நான்கு சுவருக்குள் ஒருவர் முழுதாகக் கேட்டுவிட்டால், அதே ஆத்திரத்தைச் சாட்சிக் கூண்டில் கொட்ட வேண்டிய தேவை குறைகிறது. அனுபவமுள்ள வக்கீல்கள் இதைத் தங்கள் கட்சிக்காரர்களிடம் நேராகவே பார்த்திருப்பார்கள்: அழுது தீர்த்துவிட்டு வருகிறவரிடம்தான் தொகை, தேதி என்று பேச முடிகிறது.

இன்னொரு பயம் இன்னும் ஆழமானது. ‘டாக்டர்கிட்ட போனா சீட்டுக் கொடுப்பாங்க, அதை வச்சே பைத்தியம்னு கேஸ் போட்டுருவாங்க.’ இது வெறும் கற்பனை இல்லை. மனநோய் மணமுறிவுக்கு ஒரு காரணமாகச் சட்டத்திலேயே இருக்கிறது, மாத்திரைச் சீட்டுகள் கோர்ட்டில் ஆவணமாகியும் இருக்கின்றன. ஆனால் நோயின் பெயரைச் சொல்லிவிட்டால் போதாது, சேர்ந்து வாழவே முடியாத அளவுக்கு அது கடுமையானதா என்று பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1988-லேயே சொல்லிவிட்டது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைக்கக் கடமைப்படுத்துகிறது. சிகிச்சை பெறுகிறார் என்பதாலேயே ஒருவரைச் சித்தசுவாதீனம் இல்லாதவர் என்று கருதக் கூடாது என்றும் சொல்கிறது. இந்த விளக்கத்தைக் கொடுக்க வேண்டியவர் ஆலோசகர் அல்ல, வக்கீல். ‘தைரியமாகப் போய்ப் பாருங்கள், இதனால் வழக்குக்குக் கெடுதல் இல்லை’ என்று அவர் வாயால் வந்தால்தான் கட்சிக்காரர் போவார்.

குடியை விட்டுவிட்டு இந்தக் கரையில் குடும்பப் பிரச்சினை பேச முடியாது. 2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்துப் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தபோது நாடே அந்த ஊர்ப் பெயரைக் கேட்டது. அந்த ஒரு நாளுக்கு முன்னும் பின்னும், கூலி முழுதும் கடையில் போய்விடும் வீடுகளின் கதை செய்தியாவதில்லை. குடி நோயாக மாறிவிட்ட இடத்தில் புத்திமதி வேலை செய்யாது, மருத்துவம் வேண்டும். குடிநோயாளிக்கும் அவர் குடும்பத்துக்கும் சேர்த்தே சிகிச்சை என்ற முறையைச் சாந்தி ரங்கநாதன் 1980-ல் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை பல ஆண்டாக நடத்திக் காட்டியிருக்கிறது. மனைவி விவாகரத்து கேட்பதா, சிகிச்சைக்கு ஒரு வாய்ப்புக் கொடுப்பதா என்று தடுமாறும்போது, இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யலாம் என்பதை எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும்: ஜீவனாம்ச மனு ஒரு பக்கம், சிகிச்சை ஒரு பக்கம்.

ஒரே மேசையில்

வக்கீலும் ஆலோசகரும் சேர்ந்து வேலை செய்வது அமெரிக்காவில் ஓர் ஆளின் அலுப்பில் பிறந்தது. மினியாபொலிஸ் நகரத்துக் குடும்ப வழக்கறிஞர் ஸ்டூவர்ட் வெப், வாதாடிச் சலித்துப்போய், 1990-ல் ஒரு முடிவெடுத்தார்: இனி கோர்ட்டுக்குப் போகாமல் தீர்த்துக்கொள்ளத் தயாரான தம்பதிகளுக்கு மட்டுமே வேலை செய்வது, பேச்சு முறிந்தால் வழக்கிலிருந்து விலகிவிடுவது. வழக்கு நீண்டால் வக்கீலுக்கு லாபம் என்ற நிலையை இந்த ஒரு நிபந்தனை மாற்றியது. விரைவிலேயே உளவியலாளர்களும் அந்தக் குழுக்களில் சேர்ந்தார்கள்.

பலன் உண்டா? வர்ஜீனியா பல்கலைக்கழக உளவியலாளர் ராபர்ட் எமரி, பிள்ளைப் பொறுப்புக்காக வழக்குக்கு வந்த குடும்பங்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார். ஒரு பாதி சமரசப் பேச்சுக்கு, மறு பாதி வழக்கமான வழக்குக்கு. பேச்சு மொத்தமே சில மணி நேரம்தான். 12 ஆண்டு கழித்துப் பார்த்தபோது, பிள்ளையோடு ஒரே வீட்டில் இல்லாத பெற்றோரில் வாரம் ஒரு முறையாவது பிள்ளையைச் சந்தித்தவர்கள், சமரசம் பேசிய குழுவில் மற்றதைப் போலச் சுமார் மூன்று மடங்கு இருந்தார்கள். சிங்கப்பூரில், பிள்ளைகள் இருக்கும் தம்பதிகள் மணமுறிவுக்கு மனுப்போடும் முன்பே பெற்றோர் வகுப்பில் கலந்துகொள்ள வேண்டும் என்ற விதி 2016 முதல் நடைமுறையில் இருக்கிறது. அங்குள்ள தமிழ்க் குடும்பங்களுக்கும் அது பொருந்தும்.

தமிழ்நாடு இதில் பின்தங்கியிருந்தது என்று சொல்ல முடியாது. நீதிமன்றத்தோடு இணைந்த நாட்டின் முதல் சமரச மையம் 2005 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில்தான் தொடங்கியது; மூத்த வழக்கறிஞர் ஸ்ரீராம் பஞ்சு அதை உருவாக்கியவர்களில் ஒருவர். பின்னர் மாவட்டங்களுக்கும் மையங்கள் வந்தன. திருமண வழக்குகளைச் சமரசத்துக்கு அனுப்ப வேண்டும் என்று 2013-ல் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. 2023-ல் சமரசத்துக்கென்றே தனிச் சட்டமும் வந்துவிட்டது. சமரசர் யார் பக்கமும் பேச மாட்டார், தீர்ப்புச் சொல்ல மாட்டார். அங்கே பேசியது கோர்ட்டில் சாட்சியமாகாது. பிள்ளையின் நலன் சம்பந்தப்பட்ட இடத்தில் மட்டும், ஆலோசகர் பிள்ளையைப் பற்றித் தரும் அறிக்கையை நீதிமன்றம் பார்க்கலாம் என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் ஒரு விலக்குக் கொடுத்தது. ஆலோசனைக்கு வருகிறவருக்கு இந்த எல்லையை முன்கூட்டியே சொல்லிவிடுவது நேர்மை.

குறை, தூரத்தில் இருக்கிறது. மையமும் ஆலோசகரும் மாவட்டத் தலைநகரில்; குடும்பம் கடலோரத்தில். வட்ட சட்டப் பணிக் குழுக்கள் கிராமங்களில் முகாம் நடத்துகின்றன. மாவட்ட மனநலத் திட்டத்தின் குழுக்களும் வெளியூர் முகாம்களுக்குப் போகின்றன. இரண்டும் தனித்தனி நாளில், தனித்தனிப் பந்தலில். ஒரே நாளில், அதுவும் உப்பு வேலை நிற்கும் மழை மாதங்களில் மரக்காணத்திலேயே சேர்த்து நடத்த புதுச் சட்டமோ பெரிய பணமோ தேவையில்லை.

அடி விழும் வீட்டில்

சமரசம் எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. அடி, கொலை மிரட்டல், கட்டாய உறவு இருக்கும் இடத்தில் இருவரையும் ஒரே அறையில் உட்கார வைத்தால், அடித்தவர் முகத்தைப் பார்த்தே மற்றவர் எல்லாவற்றுக்கும் சரி என்று தலையாட்டிவிடுவார். வக்கீலும் ஆலோசகரும் முதல் சந்திப்பிலேயே, தனியாக வைத்து, நேரடியாகக் கேட்க வேண்டிய கேள்வி: அடிக்கிறாரா? வீட்டுக்குப் போகப் பயமாக இருக்கிறதா? ஆம் என்றால் பாதை வேறு. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005-ன்படி பாதுகாப்பு அதிகாரி வழியாகவோ நேரடியாகவோ மாஜிஸ்திரேட்டிடம் மனுக் கொடுக்கலாம். மூன்று நாளுக்குள் முதல் விசாரணை வர வேண்டும் என்பது சட்டத்தின் வழிகாட்டல். வீடு யார் பெயரில் இருந்தாலும் மனைவியை வெளியே தள்ளக் கூடாது என்ற உத்தரவையும் அதில் கேட்கலாம்.

பிள்ளையிடம் யார் சொல்வது?

மணமுறிவு பிள்ளைகளைக் கெடுத்துவிடும் என்பது பொதுவான பயம். பால் அமேட்டோ, புரூஸ் கீத் என்ற இரு ஆய்வாளர்கள் 92 ஆய்வுகளைத் தொகுத்து 1991-ல் பார்த்தபோது, பிரிந்த பெற்றோரின் பிள்ளைகளுக்குப் பின்னடைவு இருப்பது தெரிந்தது. சராசரியில் அது சிறிது. பெற்றோருக்கு இடையே நடக்கும் ஓயாத சண்டை அதற்குப் பெரிய காரணமாகத் தெரிந்தது. ஒரே கூரையின் கீழ் தினமும் சண்டை போடும் வீட்டுப் பிள்ளைகளும் அதே கஷ்டத்தைப் படுகிறார்கள்.

அதனால் ஆலோசகர்கள் முதலில் பார்ப்பது, செய்தி பிள்ளைக்கு எப்படிப் போய்ச் சேருகிறது என்பதை. பாட்டி வாயிலிருந்தோ, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கேலியிலிருந்தோ போகக் கூடாது. முடிந்தால் அப்பா அம்மா இருவரும் சேர்ந்து, சின்னச் சின்ன வாக்கியங்களில்: ‘நாங்க ரெண்டு பேரும் இனிமே தனித்தனி வீட்டுல இருப்போம். உன்னால இல்ல. நீ அதே ஸ்கூலுக்குத்தான் போவ. ஞாயித்துக்கிழமை அப்பா வருவாரு.’ எங்கே தூங்குவது, யார் பள்ளிக்குக் கூட்டிப்போவது என்பதுதான் சின்னப் பிள்ளையின் உடனடிக் கவலை. மறுபடி படுக்கையில் சிறுநீர் போவது, பள்ளிக்குப் போக மறுப்பது, திடீரென்று பெரிய மனுஷி போல அம்மாவுக்கு ஆறுதல் சொல்வது எல்லாம் கவனிக்க வேண்டிய அறிகுறிகள்.

சந்திப்பு நாள் இன்னொரு சோதனை. பிள்ளையைப் பார்க்க வரும் அப்பாவை வாசலிலேயே நிறுத்துவது, அம்மாவைப் பற்றி என்ன பேசினார் என்று திரும்பி வந்த பிள்ளையைத் துருவுவது எல்லாம் நடப்பதுதான். 2022-ல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி ஒரு வழக்கில், பிள்ளையைப் பார்க்க வரும் பெற்றோரை மற்றவர் விருந்தாளியைப் போல நடத்த வேண்டும் என்று உத்தரவிட்டார். பெற்றோரில் ஒருவர் மீது வெறுப்பை மற்றவர் பிள்ளைக்குள் ஊட்டுவதையும் அந்த உத்தரவு கடுமையாகக் கண்டித்தது.

உத்தரவு பொதுவாக இருக்கும். நாள் நாளாக நடத்துவதற்குத் திட்டம் வேண்டும். வக்கீலும் ஆலோசகரும் சேர்ந்து எழுத வேண்டிய தாள் இதுதான். மாதத்தில் எந்தெந்த ஞாயிறு, எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் ஒப்படைப்பு. பொங்கல் அம்மாவோடு என்றால் தீபாவளி அப்பாவோடு. அடுத்த ஆண்டு மாற்றி. மாசி மகத்துக்குக் கடலாட யார் கூட்டிப்போவது. மே விடுமுறை எப்படிப் பாதியாவது. பரீட்சை வாரத்தில் சந்திப்புத் தள்ளிப்போகலாமா. காதுகுத்துக்கும் மஞ்சள் நீராட்டுக்கும் தாய்மாமன் சீர் ஒரு பக்கம் இருக்கும். அப்பா எங்கே நிற்பார், அவர் அக்கா வரலாமா? இதை எழுதாமல் விட்டால் விழாவன்று சபையில் வெடிக்கும். எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, 13பி மனுவோடு சேர்த்துவிட்டால் நீதிமன்றத்தின் உத்தரவாகவே ஆகிவிடும்.

எங்கே தொடங்குவது?

இலவச சட்ட உதவிக்கு 15100. பெண்களுக்கான உதவி எண் 181. அங்கிருந்து மாவட்டத்து ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கு வழிகாட்டுவார்கள். மனம் தாங்காதபோது எந்த நேரமும் தமிழில் பேச டெலி-மானஸ் 14416. பிள்ளைகளுக்கு ஆபத்து என்றால் 1098. நேரில் பார்க்க வேண்டுமானால் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் புதுச்சேரி ஜிப்மரிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. மனைவி தற்போது தங்கியிருக்கும் ஊர் எந்த நீதிமன்ற எல்லைக்குள் வருகிறதோ அங்கேயே அவள் மனுப்போடலாம் என்று 2003-ல் சட்டம் திருத்தப்பட்டிருக்கிறது. கோட்டக்குப்பம் தாண்டினால் புதுச்சேரி என்பதால், எல்லைக்கு இந்தப் பக்கத்துப் பெண்ணை அந்தப் பக்கம் கட்டிக்கொடுத்த குடும்பங்களுக்கு இது முக்கியம்.

வக்கீலைப் பார்க்கப் போகும்போது கையில் இருக்க வேண்டியவை: கல்யாணப் பத்திரிகை அல்லது பதிவுச் சான்று, இருவரின் ஆதார், ரேஷன் கார்டு நகல், பிள்ளைகளின் பிறப்புச் சான்று, குழுக் கடன் பாஸ்புக், நகை அடகு ரசீது, சீர்ப் பட்டியல். முன்பு எப்போதாவது ஸ்டேஷனிலோ பஞ்சாயத்திலோ எழுதிக் கொடுத்தது இருந்தால் அதன் நகலும். பிள்ளைகளை அன்று பாட்டியிடம் விட்டுவிட்டுப் போவது நல்லது.